சாயம் போகும் என்று உத்தரவாதம்

"இந்தக் கோட்டு எங்கடி வாங்கின?" என்று அம்மா வீடியோ காலில் கேட்கும்போதெல்லாம் "இங்க ஒரு கடையிலம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். பொய் இல்லை, கடைதான். ஆனால் அந்தக் கோட்டை எனக்கு முன்னால் யாரோ ஒரு பெண்மணி நாற்பது ஐம்பது வருடம் வைத்திருந்தார், அவர் போன பிறகு அவர் பிள்ளைகள் மூட்டை கட்டிச் சர்ச்சில் கொடுத்திருக்க வேண்டும், அதை நான் பன்னிரண்டு டாலருக்கு எடுத்தேன் என்பதை மட்டும் பல வருடங்களாக அம்மாவிடம் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். எங்கள் வீட்டில் அக்காவின் பாவாடை எனக்கு வரும், அத்தையின் புடவை அம்மாவுக்கு வரும். அது சரி. வெளியாள் உடுத்திய துணி மட்டும் வாசற்படி ஏறக்கூடாது. குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை பாத்திரக்காரர் வருவார். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம். அம்மாவும் ஆயாவும் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேரம் பேசுவார்கள். அப்பாவின் இரண்டு பேன்ட்டும் ஜரிகை போட்ட ஒரு புடவையும் கொடுத்தால் ஒரு தூக்கு. "கூட ஒரு டம்ளர் வெச்சுக் குடுப்பா" என்று ஆயா கடைசியில் சேர்த்துக்கொள்வார். மிச்சம் அடுப்படியில் கரித்துணி. அந்த மூட்டை எங்கே போகிறது, யார் உடுத்துகிறார்கள் என்று ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. மூட்டையின் அந்தப் பக்கம் நிற்கும் ஆளாக நானே ஆவேன் என்று யார் கண்டது?

2012 ஜனவரியில் நியூ ஹேவனுக்கு வந்தேன். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலம், யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். கணவருக்கு வேலை, எனக்கு எச்-4 விசா. அப்போது அந்த விசாவில் வந்தவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. தி.நகரில் "ஸ்வெட்டர் மாதிரி இல்ல மேடம், ஜெர்கின்" என்று விற்பனைப் பையன் சத்தியம் செய்து கொடுத்ததைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அது முதல் வாரமே தோற்றது. புதுக் கோட்டு இருநூறு டாலருக்குக் குறைந்து கண்ணில் படவில்லை. கீழ் வீட்டில் இருந்த வயதான அம்மாள் என் நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, "வா" என்று கையைப் பிடித்து இரண்டு தெரு தள்ளி ஒரு சர்ச்சின் அடித்தளத்துக்கு அழைத்துப்போனார். அதுதான் நான் பார்த்த முதல் பழைய துணிக் கடை. இங்கே த்ரிஃப்ட் ஸ்டோர் என்பார்கள்.

அங்கே கிடைத்ததுதான் அந்தக் கோட்டு. ஒட்டக நிறக் கம்பளி, முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், சரியான கனம். என் கை முதலில் வெளிப்பக்கம் போகவில்லை, உள்ளே போனது. அம்மா ஊரில் உஷா மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்பி, தையலுக்குப் பக்கத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார். "உள்ள துணி விட்டிருந்தா தெச்சவன் யோக்கியன்" என்பது அவருடைய அளவுகோல். இந்தக் கோட்டில் ஒரு விரல் அகலம் துணி விட்டிருந்தது. லைனிங்கின் கீழ் ஓரம் கையால் ஹெம்மிங் செய்திருந்தது. காஜாக்கள் ஒவ்வொன்றும் நெருக்கமாக, பிசிறில்லாமல். இப்போது புதிதாக வாங்கும் சட்டைகளில் இரண்டு துவையலில் காஜாவிலிருந்து நூல் தொங்குமே, அந்தக் கதை இதில் இல்லை.

லைனிங்கின் பக்கவாட்டுத் தையலில் நகம் அளவுக்கு ஒரு துணிச்சீட்டு இருந்தது. வட்டமாக ஒரு முத்திரை, அதில் ஊசி, நூல். வீட்டுக்கு வந்து தேடியதில் அது பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை என்று தெரிந்தது. 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய சங்கம். யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும் தையல் மெஷின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்த காலத்தில் வளர்ந்தது. 1974 முதல் அந்த முத்திரை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று அமெரிக்கக் கொடியின் நிறங்களில் வந்தது. 1995-இல் சங்கம் வேறொரு சங்கத்தோடு இணைந்துவிட்டது. என் கோட்டில் இருந்த சீட்டில் அந்த மூன்று நிறங்கள் இல்லை. ஆகவே 1974-க்கு முந்தையது. நான் பிறப்பதற்குப் பத்து வருடத்துக்கும் மேல் முன்னால் தைத்த கோட்டு! அன்று ராத்திரி அதைச் சோபாவில் போட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணவர், "ஏன், அதுக்குச் சாப்பாடு போடணுமா?" என்றார்.

அப்புறம் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போக முடியாத மூன்று வருடங்களில் பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருந்த எல்லாப் பழைய துணிக் கடைகளுக்கும் போயிருக்கிறேன். வாங்குவது நாலு தடவைக்கு ஒரு தடவை. மற்ற நாட்களில் சும்மா தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

தொடுவதுதான் எல்லாமே. கடைக்குள் போனதும் கண்ணால் தேடினால் அரை மணி நேரத்தில் களைத்துவிடுவோம். ஆயிரம் நிறம், ஆயிரம் பூ. நான் ரேக்கின் ஒரு முனையில் நின்று, இடது கையைத் துணிகளின் தோள்பட்டைமேல் வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பேன். பாலியெஸ்டர் வழுக்கும். அக்ரிலிக் பஞ்சுமிட்டாய் மாதிரி பொய்யாக மெத்தென்று இருக்கும். கம்பளி லேசாகக் கடிக்கும். பட்டு கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். நல்ல பருத்தி, பல வருடம் துவைத்த பருத்தி, ஆயாவின் முந்தானை மாதிரி இருக்கும். கை தானாக ஒரு இடத்தில் நிற்கும். அங்கேதான் கண்ணைத் திருப்ப வேண்டும்.

பிறகு சீட்டு. அமெரிக்கத் துணிகளின் சீட்டில் பஞ்சாங்கமே இருக்கிறது. எந்த நூல் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும் என்ற சட்டம் 1960-இல் நடைமுறைக்கு வந்தது. எப்படித் துவைக்க வேண்டும் என்ற குறிப்பைத் துணியிலேயே தைக்க வேண்டும் என்ற விதி 1972-இல் வந்தது. ஆகவே துவைக்கும் குறிப்பே இல்லாத சட்டை கையில் கிடைத்தால், யாரும் வெட்டி எறியாத பட்சத்தில், 1972-க்கு முன்னால் தைத்ததாக இருக்க நல்ல வாய்ப்பு. சிலவற்றில் ஆர்.என். என்று போட்டு ஒரு எண் இருக்கும். அது கம்பெனியின் பதிவு எண். அந்த எண்ணிலிருந்து 13670-ஐக் கழித்து, 2635-ஆல் வகுத்து, 1959-ஐக் கூட்டினால் அந்த எண் ஏறக்குறைய எந்த வருடம் கொடுக்கப்பட்டது என்று வரும். 60000 என்றால் 1976 வாக்கில். சட்டை அந்த வருடத்தது என்று அர்த்தமில்லை, அதற்கு முன்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான். கடைக்குள் நின்று போனில் கணக்குப் போடும் என்னை வருமானவரி ஆபீசிலிருந்து வந்தவள் என்று யாராவது நினைத்திருக்கலாம்.

லீவைஸ் ஜீன்ஸில் பின்பாக்கெட் ஓரம் ஒட்டியிருக்கும் சிவப்புத் துண்டில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் 1971-க்கு முந்தையது என்பதை இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அது கிடைக்கும் என்று நான் போவதில்லை. கடையில் துணி பிரிப்பவர்களுக்கும் தெரியும், அவர்கள் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

அளவு எண்ணை மட்டும் நம்பவே கூடாது. எனக்கு இன்றைய கடைகளில் 6 சரியாக இருக்கும். அறுபதுகளின் துணியில் 12, சில சமயம் 14 எடுக்க வேண்டும். உடம்பு பெருத்ததற்காக எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள், வாங்குபவர் மனம் நோகக்கூடாதாம். கைப்பையில் எப்போதும் அம்மா கொடுத்த மஞ்சள் டேப் இருக்கும். தோள், மார்பு, நீளம். மற்றதைப் பிரித்துத் தைக்கலாம். தோள் சரியில்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். தோளைப் பிரிப்பது கோட்டையே பிரிப்பது.

சரி, காலத்துக்கும் நிற்கும் துணி எது? நான் பார்த்தவரைக்கும், அது தைத்த வருடத்தின் ஆசைகளை ரொம்பச் சத்தமாகச் சொல்லாத துணி. காலர் அந்தக் காலத்து அகலம் இல்லாமல், தோளில் பஞ்சுமூட்டை இல்லாமல், பொத்தான்கள் கண்ணைக் குத்தாமல் இருக்க வேண்டும். ஒரேகானில் நெய்யும் பென்டில்டன் கம்பளிச் சட்டை, நேவிக்காரர்கள் போட்ட கருநீலக் குட்டைக் கோட்டு, சாதாரண வெள்ளை ஆக்ஸ்ஃபோர்டு சட்டை, முட்டிக்குக் கீழே நேராக விழும் கம்பளிப் பாவாடை. இவற்றை 1965-லும் போட்டிருக்கலாம், நாளைக்கு ஆபீசுக்கும் போடலாம். எழுபதுகளின் ஆரஞ்சு பாலியெஸ்டரும் பழசுதான், அதற்கும் இன்று ஆள் இருக்கிறார்கள். எனக்கு வியர்க்கும், வேண்டாம்.

தோற்ற கதைகளும் உண்டு. ஒரு காஷ்மீர் ஸ்வெட்டர், மூன்று டாலர், பூனைக்குட்டி மாதிரி மென்மை. வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் மற்ற துணியோடு டிரையரில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது ஆறு வயதுக் குழந்தைக்குச் சரியாக இருந்தது. இன்னொரு கடையில் "நூறு சதவீதம் கம்பளி" என்று கையால் எழுதிக் கட்டியிருந்த சால்வையை இருபது டாலர் கொடுத்து வாங்கினேன். சந்தேகம் வந்து ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து, சமையலறைத் தொட்டிமேல் பிடித்துத் தீக்குச்சி கிழித்தேன். கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், சாம்பல் கையில் நொறுங்கும். பருத்தி காகிதம் மாதிரி எரியும். இது உருகிச் சொட்டி, கறுப்பு மணியாக இறுகியது. பிளாஸ்டிக்! கடையில் போய்க் கேட்டேன். திருப்பி எடுத்துக்கொள்வதில்லை என்று சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார்கள்.

அந்துப்பூச்சிதான் எல்லாவற்றிலும் பெரிய எதிரி. ஒரே ஒரு கம்பளியில் முட்டை வந்தால் அலமாரி முழுக்கப் போய்விடும். கடையிலேயே வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். ஊசி நுனி அளவு ஓட்டை தெரிந்தால் வாங்க மாட்டேன். தெரியாவிட்டாலும் கம்பளி எதுவும் நேராக அலமாரிக்குப் போகாது. பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைப்பேன். எங்கள் ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்கும் வெட்டிய முருங்கைக்காய்க்கும் நடுவில் யாருடைய ஸ்வெட்டராவது உறைந்துகொண்டிருக்கும். பாச்சை உருண்டை நாற்றம்தான் சுலபத்தில் போகாது. நாலைந்து நாள் காற்றில் தொங்க விட வேண்டும். ஒரு தடவை பொறுமையில்லாமல் சாம்பிராணி போட்டேன். பாச்சை உருண்டையும் சாம்பிராணியும் சேர்ந்து கருமாதி வீடு மாதிரி ஆகிவிட்டது. கூடவே புகை அலாரமும் அடித்தது.

இவ்வளவும் சொல்ல வந்தது போன கோடையில் கிடைத்த ஒரு சட்டைக்காக.

அது ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, அதே சர்ச்சின் அடித்தளம். ஆண்கள் பைஜாமா ரேக்கில் கையை ஓட்டிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் கை நின்றது. அந்த நிற்பு வேறு மாதிரி இருந்தது. துணியைத் தெரிந்தது. கடையில் பார்த்த பழக்கம் இல்லை, வீட்டுப் பழக்கம். ஒரு நொடி என்னவென்றே பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது: லுங்கி.

இழுத்துப் பார்த்தால் அரைக்கைச் சட்டை. கட்டம் போட்டது. மங்கிய செங்கல் சிவப்பு, கருநீலம், நடுவில் மஞ்சள். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் கசிந்து, கட்டங்களின் ஓரம் தண்ணீரில் பார்ப்பதுபோல் கலங்கியிருந்தது. தைத்த ஆள் கெட்டிக்காரர். மார்புப் பாக்கெட் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், கட்டத்தோடு கட்டம் அப்படிப் பொருத்தியிருந்தார். முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு சின்ன வளையம், ஆணியில் மாட்டுவதற்கு. 1949-இல் இந்த ஊரில் தொடங்கிய கான்ட் என்ற சட்டைக் கம்பெனி அந்த வளையத்தைப் பிரபலமாக்கியது, யேல் பையன்கள் உடற்பயிற்சி அறையில் சட்டையைக் கசங்காமல் மாட்டத்தான் அது என்று இங்கே சொல்வார்கள். இதில் கம்பெனிச் சீட்டு உதிர்ந்திருந்தது. அதன் கீழே இன்னொரு சீட்டு மட்டும் தங்கியிருந்தது. இந்தியாவில் கையால் நெய்த அசல் மெட்ராஸ் என்று முதல் வரி. இரண்டாவது வரியைப் படித்துவிட்டு அங்கேயே சிரித்துவிட்டேன். சாயம் போகும் என்று உத்தரவாதம்.

எங்கள் ஊரில் ஒரு துணியைப் பற்றிச் சொல்லக்கூடிய கடைசி வசை அது. சாயம் போகுதுன்னா அந்தக் கடைப்பக்கம் அப்புறம் யாரும் போக மாட்டார்கள். மனுஷனைப் பற்றியும் அப்படித்தானே சொல்கிறோம், "அவன் சாயம் வெளுத்துப்போச்சு" என்று. அதைப் போய் உத்தரவாதம் என்று அச்சடித்திருக்கிறார்கள்.

கல்லாவில் இருந்த தாத்தா தொண்டூழியக்காரர், எண்பதைத் தாண்டியவர். சட்டையைக் கையில் வாங்கியதும் முகம் மாறியது. "மேட்ரஸ்" என்றார். எனக்கு முதலில் மெத்தை என்று காதில் விழுந்தது. அவர் காலேஜில் படித்தபோது இந்தச் சட்டை எல்லோரிடமும் இருந்ததாம். புதிதாக வாங்கியதும் நாலைந்து தடவை வேண்டுமென்றே துவைப்பார்களாம், அப்போதுதான் நிறங்கள் கலந்து பழசு மாதிரி தெரியுமாம். புதுசாகத் தெரிந்தால் கேலி செய்வார்களாம். "நான் மெட்ராஸ் பக்கம்தான்" என்றேன். அவர் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெட்ராஸ் என்று ஒரு ஊர் இருப்பதையே அன்றைக்குத்தான் யோசித்தார் என்று நினைக்கிறேன். 1996-இல் அந்த ஊரின் பெயரையும் மாற்றிவிட்டோம் என்று சொல்லிக் குழப்ப மனம் வரவில்லை. நாலு டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட். அந்த வாரம் மஞ்சள் அட்டைக்குப் பாதி விலை, அது மஞ்சள் அட்டை.

அந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பின்னாளில் லீலா ஓட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் பலமுறை சொல்லியிருக்கும் கதை. அவர் அப்போது கைத்தறித் துணி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் மெட்ராஸ் கட்டத்துணியைக் கெஜம் ஒரு டாலர் என்று பத்தாயிரம் கெஜம் வாங்கினார். இந்தச் சாயம் நிற்காது, பச்சைத் தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பினார். ஜேக்கப்சன் அதை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ஆடைக் கம்பெனிக்கு விற்றார், எச்சரிக்கையைச் சொல்ல மறந்துவிட்டார். வாங்கியவர்கள் மெஷினில் போட்டார்கள். கூடப் போட்ட வெள்ளைத் துணியெல்லாம் பாழ். வழக்கு வரைக்கும் போக இருந்ததை, நியூயார்க்கில் உட்கார்ந்து பேசித் திருப்பிப் போட்டார்கள். பெண்கள் பத்திரிகை ஒன்றில் துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயத் துணி என்று கட்டுரை வந்தது. கூடவே அந்த வாசகம். குறை என்று திருப்பித் தர இருந்த துணியைத் தேடி வந்து வாங்க ஆரம்பித்தார்கள்.

இதை எங்கள் தாத்தா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் குழித்தறியில் லுங்கி நெய்தவர். விடியற்காலையில் தெருவில் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாக்கு நூல், நீட்டிக் கஞ்சி போடுவார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது பாவின் பக்கமாகக் குனிந்து நடக்க வேண்டும், மேலே பட்டால் திட்டு விழும். தாத்தா கட்டத்தை எண்ணி நெய்வார், வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். சாயம் சரியில்லாத நூல் வந்தால் கூட்டுறவுச் சங்கம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார். "சாயம் போகுதுடா, இத எவன் கட்டுவான்?" எவன் கட்டுவான் என்றால், தாத்தா, யேல் பல்கலைக்கழகத்துப் பையன்கள் கட்டுவார்கள்.

இந்தச் சட்டைத் துணியை எங்கள் தாத்தா நெய்தார் என்று கதைவிட மாட்டேன். நெய்தது எந்த ஊர் என்றுகூட அந்தச் சீட்டில் இல்லை. மெட்ராஸ் என்பது துறைமுகத்தின் பெயர். கப்பல் ஏறும் இடத்தின் பெயர் துணிக்கு ஒட்டிக்கொண்டது, தறி இருந்த தெருவின் பெயர் ஒட்டவில்லை.

யேல் என்றதும் ஒரு சின்ன விஷயம். இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1718-இல் அவர் இங்கிருந்த சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்களும், மன்னரின் படமும், ஒன்பது மூட்டைச் சரக்கும் அனுப்பினார். சரக்கில் பெரும்பகுதி துணிமணிகள். விற்றதில் 562 பவுண்டு வந்தது. அந்தக் காசில்தான் கட்டடம் எழும்பியது, அதனால்தான் இந்தப் பெயர். கோட்டைக் காலத்து அடிமை வணிகத்தில் அவருக்கு இருந்த பங்கு இன்னொரு கதை, அதைப் பல்கலைக்கழகமே இப்போது எழுதி வைத்திருக்கிறது. துணிமூட்டையைக் கொடுத்து, வாங்கி, அதில் ஏதாவது எழுப்புவது எங்கள் தெருப் பாத்திரக்காரர் கண்டுபிடித்த தொழில் இல்லை என்பது மட்டும் எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் சட்டையைத் துவைக்க வேண்டியிருந்தது. எப்படித் துவைப்பது என்று கேட்க எனக்கு ஒரே ஆள்தான். இங்கே ராத்திரி ஒன்பது மணி, அங்கே காலை ஆறரை. அம்மா காபி டம்ளரோடு திரையில் வந்தார். ஒன்றும் சொல்லாமல் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"திருப்பு" என்றார். உள்பக்கம் திருப்பினேன். "கிட்ட கொண்டா." போனை ஒட்டிப் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே நிறம், நூலிலேயே தோய்த்து நெய்தது. பொத்தான் பட்டியின் உள்மடிப்பில் துணியின் கரை அப்படியே இருந்தது. கரையை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள், தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முள் குத்திய அடையாளம். அம்மாவின் விரல் திரையில் எதையோ தொட்டது. "அதோ பாரு, ஊட அறுந்து முடி போட்டிருக்கான். அவசரத்துல போட்ட முடி." எனக்கு அது தெரியவே இல்லை. விரலால் தடவிப் பார்த்தேன். இடது பக்கம், கடைசிப் பொத்தானுக்குக் கொஞ்சம் மேலே, கடுகை விடச் சின்னதாக ஒரு முடிச்சு. அறுபது வருஷமாக யார் யாரோ துவைத்தும் அவிழாமல் இருந்தது.

"தறித் துணிடி இது" என்றார் அம்மா. "அங்க எப்படி வந்துச்சு?"

சொன்னேன். சர்ச், மூட்டை, மஞ்சள் அட்டை, எல்லாம். சொல்லும்போது கோட்டு விஷயமும் வெளியே வந்துவிட்டது. அந்த ஸ்வெட்டர்கள், பாவாடைகள், போன தீபாவளிக்கு அவருக்கே அனுப்பிய பட்டு ஸ்கார்ஃப் உட்பட. அம்மா காபியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன்.

"அந்த ஸ்கார்ஃபா?"

"ஆமாம்மா."

"ஓரம் கையால சுருட்டித் தெச்சிருந்துச்சே, அதானே பார்த்தேன்" என்றார். பிறகு, "செத்தவங்களோடதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். இருக்கலாம். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், சம்மதமா வருத்தமா என்று தெரியவில்லை.

"பச்சத் தண்ணியில கல்லுப்பு ஒரு பிடி போடு. ஊற விடாத. முறுக்காத. நிழல்ல போடு."

இங்கே கல்லுப்பு இருந்தது, இந்தியக் கடையில் வாங்கியது. தொட்டியில் தண்ணீர் பிடித்து, உப்பைக் கரைத்து, சட்டையை அமுக்கினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் துணியிலிருந்து ஒரு செந்நிறப் புகை மாதிரி கிளம்பி, அதன் பின்னால் நீலம் வந்து, இரண்டும் தொட்டியில் சுற்றியது. அறுபது வருஷத்துக்கு அப்புறமும் அதற்குள் சாயம் மிச்சம் இருந்தது. போனைத் தொட்டிப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"ஐயோ, இவ்வளவு போகுது!" என்று அம்மா அலறினார். "போய்க் குடுத்துட்டு வா!"

"அவங்க உத்தரவாதம் குடுத்திருக்காங்கம்மா" என்றேன்.

குளியலறைக் கம்பியில் சட்டையை விரித்துப் போட்டேன். கீழே இருந்த வெள்ளைத் துண்டை எடுக்க மறந்துவிட்டேன். காலையில் கணவர் அந்தத் துண்டோடு வந்து நின்றார். அதில் வெளிறிய சிவப்பில் பெரிதாக ஒரு திட்டு, ஓரத்தில் நீலம்.

"இது புதுசு" என்றார்.

"பழசாக்கியாச்சு" என்றேன்.